நாற்காலியின் திசை

இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் கம்பெனியின் பின்பக்க வாசலில் நின்ற காது சோதனை வேனுக்கு வெளியே முப்பது பேர் வரிசையில் நின்று காதைக் குடைந்துகொண்டிருந்தார்கள். பேனா மூடி, சைக்கிள் சாவி, சுருட்டிய பஸ் டிக்கெட் எல்லாம் உள்ளே போய் வந்தன. வருஷக்கணக்கில் சேர்ந்த அழுக்குதான் தன் பிரச்சினை என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். காது மந்தமானவர்களைப் பாதுகாப்பு கருதி வேலையிலிருந்து விடுவிக்கப்போவதாக நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தது. பாதுகாப்பு என்ற சொல் அந்தக் கம்பெனியில் அச்சேறியது அதுதான் முதல் தடவை.

வேனுக்குள் கருவியின் முன்னால் உட்கார்ந்திருந்தவன் கேட்பியல் முதுகலை இரண்டாம் வருஷம். கூடப் படிப்பவர்கள் அவனை டெசிபல் என்று கூப்பிட்டார்கள். நூறு பேரையாவது சோதித்துப் பேராசிரியரிடம் கையெழுத்து வாங்கினால்தான் பட்டம். அன்றைய பட்டியலில் இருபத்தொன்றாவது ஆள், அங்கே இருபத்தாறு வருஷமாகப் பிரஸ் மெஷின் ஓட்டுகிற அவனுடைய அப்பா. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவின் தாள் அடுத்த மேஜைக்காரிக்குப் போய்விடும். அவள் உள்ளதை உள்ளபடி எழுதுகிற ரகம்.

சோதனை சுலபமானது. கண்ணாடிக்கு அந்தப் பக்கச் சின்ன அறையில் ஆள் ஹெட்போன் மாட்டி உட்காருவார். சத்தம் கேட்டால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்கவேண்டும். அமுக்கினால் கருவியில் சிவப்பு பல்பு எரியும்.

வீட்டில் டார்ச் லைட்டைப் பொத்தானாக வைத்து மூன்று நாள் ஒத்திகை நடந்திருந்தது. அவன் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டால் அப்பா அமுக்கவேண்டும்.

"நெஜமாவே ஏதாவது கேட்டா?" என்று அப்பா கேட்டார்.

"அப்பவும் அமுத்தாதப்பா. உன் காதுக்குள்ள நாள் பூரா ஒரு விசில் ஓடுது. எது நெஜம்னு உனக்கே தெரியாது. சத்தம் போகாதப்ப அமுத்தினா ஏமாத்துறேன்னு கண்டுபிடிச்சிருவாங்க. நான் கண்ணாடியத் தொட்டா மட்டும்."

"நான் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்பாத மனுஷன்," என்றாள் அம்மா. "நீ மூக்கத் தொட்டதும் பளிச்சுனு எரியிறாரு. இத்தன வருஷம் எனக்கு இது தெரியாமப் போச்சே."

மூன்றாவது நாள் அப்பா ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

இருபது பேர் முடிந்ததும் அவன் எழுந்து போய் நாற்காலியைத் தன் பக்கம் திருப்பி வைத்தான். அப்பா வந்தார். யாரோ போல உட்கார்ந்தார். அளவுக்கு மீறி யாரோ போல. ஹெட்போனை மாட்டிவிட்டு வந்து கருவியில் கை வைத்தபோது, கம்பெனியின் பணியாளர் அதிகாரியோடு பேராசிரியர் உள்ளே ஏறினார்.

"என்னப்பா இது, மூஞ்சியப் பாத்து உக்கார வச்சிருக்க? நீ கை அசைக்கிறதப் பாத்தே அமுத்துவாங்கன்னு மொத வருஷமே படிக்கலையா?"

அவரே அறைக்குள் போனார். ஹெட்போனை விலக்கி, சத்தம் கேட்டால் அமுக்கும்படி அப்பாவின் காதருகே கத்திச் சொல்லிவிட்டு, நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பினார். அப்பா மரியாதையாகத் தலையாட்டினார். திரும்புவதற்குள் மகனைப் பார்த்து ஒரு கண்ணை லேசாக மூடித் திறந்தார், கவலைப்படாதே என்பது போல. கதவு சாத்தப்பட்டது.

அவன் நாற்பது டெசிபலில் தொடங்கினான். பல்பு எரியவில்லை. ஐம்பது. அறுபது. எழுபது அப்பாவுக்குக் கேட்கும் என்று அவனுக்குத் தெரியும். அவர் அசையவில்லை. எண்பதில் வலது தோள் விலுக்கென்று துள்ளி அடங்கியது. பல்பு எரியவில்லை.

"சார், அவருக்குப் புரியலையோ என்னவோ. இன்னொரு தடவை சொல்லிட்டு..."

"நானேதான சொன்னேன். பல்பு எரிஞ்சுதா?"

"எரியல சார்."

"அப்ப அவ்வளவுதான். வெளிய இன்னும் ஒம்பது பேர் நிக்கிறாங்க. ரெண்டு காதையும் கடைசி அளவு வரைக்கும் ஏத்து. அமுத்தலைன்னா கேக்கலைன்னு கீழ்நோக்கி அம்பு போடு."

அதிகாரி தாளுக்காக இப்போதே கையை நீட்டியிருந்தார். இந்த ஆளின் மெஷினுக்கு வேறு ஆள் பார்த்தாயிற்று என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவன் நூறு வைத்தான். ஓர் அம்பு போட்டான். அடுத்த சுருதியிலும் நூறு, இன்னொரு அம்பு. ஒவ்வொரு சத்தத்துக்கும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பாவின் தோள் துள்ளியது, பிடரி இறுகியது. மெஷினில் நிற்கும்போது போலவே அவர் இப்படி அப்படித் திரும்பாமல் சுவரையே பார்த்திருந்தார். கட்டைவிரல் மட்டும் பொத்தானுக்கு ஒரு நூல் மேலே, துளி நடுக்கமில்லாமல், தொடாமல் நின்றது.