ஒரே தொட்டியில் ரெண்டு

"ஒரே இடத்துல ரெண்டு பேர் அதிகாரம் பண்ண முடியாது அத்தை, நான் அதைத்தான்..."

"அதிகாரமா? கரண்டி எந்த ஆணியில தொங்கணும்னு சொன்னா அது அதிகாரமா?"

"சொல்லி முடிக்க விடுங்க."

"முடி. முடிச்சுட்டுக் கரண்டியை அதோட ஆணியில மாட்டு."

மருமகள் கரண்டியோடு கூடத்துக்கு வந்துவிட்டாள். மாமியார் பின்னாலேயே வந்தாள். சோபாவில் உட்கார்ந்திருந்த மகன் செய்தித்தாளை இன்னும் அகலமாக விரித்து முகத்தை மூடிக்கொண்டான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இந்த மத்தளம் இடி விழுவதற்கு முன்பே ஒளியக் கற்றுக்கொண்ட மத்தளம்.

மாமியாரைத் தெருவே 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடும். பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருஷம் நர்ஸ், அதில் கடைசிப் பன்னிரண்டு வருஷம் தலைமை நர்ஸ். ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டை வார்டாக்கிவிட்டாள். சமையலறையில் ஒவ்வொரு டப்பாவிலும் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, அதன் மேல் பெயர் எழுதி, உயரப்படி வரிசையாக நிறுத்தியிருந்தாள். எது எங்கே என்று கேட்பது மற்றவர்கள் வேலை. பதில் சொல்வது அவள் வேலை. இந்த ஒழுங்குக்குள் மருமகளாக வந்தவள் ஒரு பல் டாக்டர். ஆயுசெல்லாம் டாக்டர்களை விரட்டி வேலை வாங்கியவளுக்கு, விரட்டுவதற்கு வீட்டுக்குள்ளேயே ஒரு டாக்டர் கிடைத்தால் கேட்கவா வேண்டும்?

"அடுத்த தெருவுல மாடி வீடு காலியாகுது அத்தை. இன்னும் பதினஞ்சு நாள்ல சாவி தர்றாங்க. நாங்க ரெண்டு பேரும் போயிடலாம்னு இருக்கோம்."

செய்தித்தாள் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது. சிஸ்டரின் கணவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம். இவர்களும் போனால் பெயர் எழுதின டப்பாக்களோடு அவள் மட்டும். எந்த டப்பா எங்கே என்று கேட்கக்கூட ஆள் இருக்காது. ஆனால் அவள் வாய் வேறு பாடத்தைப் படித்தது.

"எதுக்குப் போகணும்? ரெண்டு பேர் ஒரே இடத்துல இருக்கவே முடியாதுன்னு எந்தப் புஸ்தகத்துல இருக்கு?"

மருமகள் கரண்டியால் மீன் தொட்டியைக் காட்டினாள். "இதோ இருக்கு. இவனைக் கேளுங்க."

கூடத்தில் இருந்த கடல்நீர்த் தொட்டி மருமகளுடையது. உள்ளே பாறைக்கற்கள் குவியலாகக் கிடந்தன. அவற்றின் நடுவே ஒரு பொந்து. பொந்தின் வாசலில் விரல் நீளம் ஒரு மீன். முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள். துணி பற்றாமல் தையல்காரர் ஒட்டுப் போட்ட மாதிரி. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது அதற்காகவே சொன்னதுபோல, தன்னைவிட நாலு மடங்கு பெரிய மீனையும் துரத்தும். தொட்டி துடைக்கிற துணியையும் துரத்தும். மகன் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தான்.

"மத்த மீனையாவது மிரட்டி விட்டுடுவான். தன் இனத்துல இன்னொண்ணு வந்தா கொன்னே போடுவான்."

"வார்டுல நான் பார்க்காத சண்டைக்காரனா? நான் இன்னொண்ணைக் கொண்டு வந்து விடுறேன். பதினஞ்சு நாள் ரெண்டும் ஒண்ணா இருந்துட்டா?"

"நாங்க போகல."

"செத்துட்டா?"

"சாவி வாங்கிக்கிறோம்."

"சரி."

"சரி."

"அம்மா, மீன் பாவம்மா," என்றது செய்தித்தாள்.

"நீ பேசாதே," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

வண்ணமீன் கடைக்காரர் சிஸ்டரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க கேக்கிற மீனு பெரிய குடும்பம்மா. முழு ஊதா உண்டு, ஆரஞ்சுல கோடு போட்டது உண்டு, இந்த ஒட்டுத்துணியும் உண்டு. எல்லாம் விரலளவுதான், எல்லாத்துக்கும் கோபம் ஆளுயரம். பவளப்பாறையில ஆளுக்கொரு பொந்து, பொந்துக்கொரு ராஜா. சேர்த்து வைக்கவே வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன்."

"சேர்த்து வைக்கிறது என் வேலை. நீங்க மீனைக் கொடுங்க."

"அப்ப சின்னதாப் பார்த்து எடுத்துட்டுப் போங்க. ரெண்டும் ஒரே சைஸ்னா ஒத்தே வராது."

அவர் மேலே சொல்ல வந்ததைக் கேட்க அவள் நிற்கவில்லை. சொல்லி முடிக்க விடுவது அவள் பழக்கமில்லை.

சின்ன மீனைத் தண்ணீரில் விட்ட அடுத்த நொடி மேனேஜர் பொந்திலிருந்து பாய்ந்தான். சின்னது மேல் மூலைக்கு ஓடி ஒடுங்கியது. வால் ஓரம் கிழிந்து தொங்கியது. சிஸ்டர் சமையலறைக்கு ஓடி, காய் கழுவுகிற ஓட்டைக் கூடையைக் கொண்டுவந்து சின்னதை அள்ளினாள். கூடையைத் தண்ணீரிலேயே மிதக்கவிட்டு, துணிக் கிளிப் இரண்டால் தொட்டி விளிம்பில் மாட்டினாள்.

மாலையில் மருமகள் வந்து பார்த்தாள். "என் தொட்டியில உங்க கூடையா?"

"தனி வார்டு. நோயாளியைத் தொந்தரவு பண்ணக் கூடாது."

ஒரு வாரத்தில் சின்ன மீனின் வால் ஆறியது. ஆனால் மேனேஜர் கூடையைச் சுற்றிச் சுற்றி வந்து, வாயை அகலத் திறந்து காட்டுவதை நிறுத்தவில்லை. மருமகள் குனிந்து அந்த வாயைப் பார்த்து, "பல்லெல்லாம் நல்லா இருக்கு," என்றாள். சிஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. கூடைக்குள் வைத்திருப்பது ஒன்றாக இருப்பதாகுமா? நாள் ஓடிக்கொண்டிருந்தது. தொலைபேசியில் கடைக்காரரைப் பிடித்தாள்.

"அன்னிக்கே சொல்ல வந்தேம்மா, நீங்க நிக்கல. கல்லை எல்லாம் இடம் மாத்திடுங்க. பழைய வீடு இல்லேன்னா பழைய திமிரும் இருக்காது. ரெண்டும் அன்னிக்குத்தான் குடி வந்த மாதிரி ஆயிடும்."

இந்தத் தடவை முழுக்கக் கேட்டாள். மறுநாள், மருமகள் கிளினிக்குக்குப் போனதும், நீளக் கையுறை மாட்டிக்கொண்டு, மகனை மூடியைப் பிடிக்கச் சொல்லி, கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஒரு மணி நேரம் வேலை. முடித்துத் தள்ளி நின்று பார்த்தாள். மனசு நிறைந்தது.

மதியம் சாப்பிட வந்த மருமகள் தொட்டி முன்னால் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்ன அத்தை இது?"

"ஏன்? அழகா இல்லே?"

"ஏழு கல்லும் ஏழு கட்டில் மாதிரி வரிசையா இருக்கு. நடுவுல நடக்க வழி வேற விட்டிருக்கீங்க!"

"ரவுண்ட்ஸ் வர வேண்டாமா?" என்றான் மகன். அம்மா பார்த்த பார்வையில் மூடியைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

உண்மைதான். மேனேஜர் வெட்டவெளியில், ஒளிய ஓர் இடுக்கு இல்லாமல், கண்ணாடியை முட்டிக்கொண்டு மூச்சு வாங்கினான். சிஸ்டருக்குச் சிரிப்புச் சத்தம் காதில் விழுவது நின்றுபோயிற்று. இது செத்தால்? பந்தயம் போகட்டும், இந்த விரலளவு உயிர்?

"நிக்காதீங்க, வாங்க," என்று மருமகள் தன் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டாள். "கையுறை வேண்டாம். பொந்தோட அளவு விரலுக்குத்தான் தெரியும்."

சிஸ்டர் குழாயடிக்குப் போய் முழங்கைவரை சோப்புப் போடப் போனாள்.

"சோப்பு வேண்டாம்! மீன் செத்துடும். வெறும் தண்ணியில கழுவுங்க."

"முப்பத்திரண்டு வருஷத்துல சோப்பு போடாதேன்னு சொன்ன முதல் டாக்டர் நீதான்."

"எல்லாத்துக்கும் ஒரு முதல் தடவை உண்டு. அந்தத் தட்டைக் கல்லைத் தூக்குங்க. இன்னும். சாய்ச்சுப் பிடிங்க."

"இப்படியா?"

"அப்படித்தான். கீழே இதைச் செருகுறேன். கையை எடுக்காதீங்க."

"எடுக்கல. நீ அவசரப்படாதே."

நாலு கைகள் தண்ணீருக்குள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. இங்கே ஒரு பொந்து, அந்த மூலையில் ஒரு பொந்து. ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி நடுவில் ஒரு திருப்பம். சிஸ்டர் உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். கச்சிதம்.

"ஊரெல்லாம் ஓட்டையை அடைச்சு சம்பாதிக்கிறவ, ஓட்டை போடவும் படிச்சிருக்கியே!"

"ஓட்டையைப் பத்தி எனக்குத் தெரியாதது இல்லை அத்தை."

கூடையைக் கவிழ்த்துச் சின்னதை விட்டார்கள். மேனேஜருக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. தன் வீட்டைக் காணாமல் கல் கல்லாகத் தேடிக்கொண்டிருந்தான். சிஸ்டர் ஒரு போர்வையைக் கொண்டுவந்து தொட்டியை மூடினாள். மூலைகளை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மடிக்கிற மாதிரியே மடித்துவிட்டாள். மருமகள் அதில் ஒரு சுருக்கத்தை நீவிவிட்டாள்.

மறுநாள் போர்வையை விலக்கினால் ஒரு பொந்தில் மேனேஜர், எதிர் மூலையில் சின்னது. இரண்டின் முகத்திலும் வாடகைக்கு வந்த முதல் நாள் திகைப்பு.

மூன்றாம் நாள் சிஸ்டர் போட்ட கூச்சலில் மகன் செருப்பில்லாமல் ஓடிவந்தான். மேனேஜர் உடம்பை வளைத்து வளைத்து உதறிக்கொண்டிருந்தான்.

"வலிப்புடா! வலிப்பு வந்துடுச்சு! கடைக்காரருக்குப் போன் போடு!"

கடைக்காரர் மறுமுனையில் சிரித்தார். "வலிப்பில்லைம்மா. வா, வந்து என் வீட்டைப் பாருன்னு கூப்பிடுறான். சின்னது எட்டிப் பார்க்குதா?"

எட்டிப் பார்த்தது. அப்புறம் அவ்வப்போது சின்னச் சின்னத் துரத்தல் உண்டு, ஆனால் கடி இல்லை.

பதினைந்தாம் நாள் காலையில் சிஸ்டர் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு, தீர்ப்புச் சொல்கிறவள் மாதிரி உட்கார்ந்தாள்.

"எண்ணிக்கோ. ஒண்ணு. ரெண்டு. ரெண்டும் உயிரோட, ஒரே தொட்டியில. என்ன சொல்றே?"

"தோத்துட்டேன் அத்தை."

"சத்தமா."

"தோத்துட்டேன்! போகல! மாடி வீட்டுக்காரருக்கு நேத்தே சொல்லியாச்சு."

அத்தனை சுலபமாக அவள் ஒத்துக்கொள்வாள் என்று சிஸ்டர் நினைக்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வரலாம் என்று நடைக்குக் கிளம்பினாள். அன்றைக்குப் பார்த்து எல்லா வாசலிலும் ஆள் இருந்ததால், திரும்ப இரண்டு மணி நேரமாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் தேநீர் போட நேரே சமையலறைக்குள் போனாள். போனவள் நின்றாள்.

டப்பாக்கள் இருந்தன. ஒன்றில்கூடப் பிளாஸ்திரி இல்லை. மேல் தட்டில் இருந்தவை கீழே, கீழே இருந்தவை எங்கேயோ. கரண்டிகளின் ஆணிகள் வெறுமையாக இருந்தன. கரண்டிகள் ஒரு குவளையில் பூங்கொத்துப்போல நின்றன. அடுப்புகூட ஜன்னல் பக்கம் நகர்ந்திருந்தது. மகன் மூலையில் துடைப்பத்தோடு நின்றான். மறைத்துக்கொள்ளச் செய்தித்தாள் இல்லாததால், துடைப்பத்தின் பின்னால் ஒளிய முயன்றான்.

"யார் பண்ணினது?"

மகன் கூடத்தைப் பார்த்தான். அங்கே தொட்டிக்கு முன்னால் குனிந்து மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த மருமகள், திரும்பாமலே சொன்னாள்.

"கல்லை இடம் மாத்திட்டேன் அத்தை. எனக்கே எது எங்கேன்னு இன்னும் சரியாத் தெரியல."

சிஸ்டரின் வாய் திறந்தது. முப்பத்திரண்டு வருஷத்துக் குரல் தொண்டைவரை வந்தது. மகன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அவள் கையருகில் இருந்த டப்பாவைத் திறந்தாள், சர்க்கரை. அடுத்தது, உப்பு. அடுத்ததில் என்னவென்றே தெரியவில்லை. மூடினாள். கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள். தொட்டியில் இரண்டு மீனும் தீனிக்கு மேலே வந்திருந்தன. அடுத்த தெருவில் சாவி யாருடைய கைக்கோ போயிருக்கும்.

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். அப்புறம் எடுத்துவிட்டாள்.

"ஏண்டி, டீத்தூள் எங்க இருக்கு?"