நாத்தனார் நல்லவிதமாகப் பேசிய நாள்

1

ஒளிப்பானேன்? இந்தக் கதை ஒரு வசவிலிருந்து பிறந்தது. என் அறைக்குக் கீழே ஒரு சலவைக்கூடம். விடுதிப் போர்வைகளை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிப்பார்கள். ஒருநாள் ஒருத்தி மற்றவளைப் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள். வாங்கிக் கட்டிக்கொண்டவளோ சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு மண்டை குடைந்தது. இறங்கிப்போய்க் கேட்டேன்.

திட்டியவள் நாத்தனார். சிரித்தவள் அவளுடைய அண்ணி.

2

முதல் தொடக்கம்: ‘வறுமை என்பது ஒரு கொடிய…’ வேண்டாம். மேடைப்பேச்சு வாடை.

இரண்டாவது தொடக்கம்: அண்ணியின் வீட்டுக்காரர் மூட்டை தூக்கும்போது வழுக்கி விழுந்து, இடுப்பு ஒடிந்து படுத்தார். அதே சமயம் சலவைக்கூடமும் பாதி ஆட்களை நிறுத்தியது. நேரம் பார்த்து வந்தான் ஒரு தரகன். அவனுக்கு முன்னால் அவன் சென்ட் வாடை வரும், அதனால் பேரே சென்ட்டு. வெளிநாட்டில் மீன் சுத்தம் செய்யும் வேலை, தங்க இடம், சாப்பாடு என்றான்.

“அண்ணனுக்கு வைத்தியம் பாக்க வேணாமா?” என்று நாத்தனார் கிளம்பிவிட்டாள்.

புத்தியில்லாமலா போனாள் என்று கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும். அவளைப் போலச் சூட்டிகையான ஆளை நான் பார்த்ததில்லை. பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். அந்தப் பத்தில் சந்தேகமும் ஒன்று.

3

போனவளிடமிருந்து பேச்சு மூச்சில்லை. சில மாதம் கழித்துச் சென்ட்டு மறுபடி வந்தான், இந்தத் தடவை அண்ணியைக் கூப்பிட. அண்ணிக்கும் அரைமனசு. வீட்டில் மாத்திரை தீர்ந்திருந்தது. “நீங்களே கேளுங்கம்மா” என்று போனை ஸ்பீக்கரில் போட்டான்.

“அண்ணி, உடம்பு நல்லா இருக்கா? உன் சமையலை நினைச்சா நாக்கு ஊறுது. இங்கே எனக்கு ராஜபோகம். நீயும் வந்துடு.”



(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அண்ணி கல்யாணமாகி வந்த நாள்முதல் அவள் சமையலைப் பற்றி நாத்தனார் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “மாடுகூட மூஞ்சியைத் திருப்பிக்கும்.”)

“வர்றேன்,” என்றாள் அண்ணி, முகம் மாறாமல். “அடையாள அட்டை எங்கம்மா வீட்ல இருக்கு. நாளைக்கு வாங்க.”

4

நேராகப் போலீஸ் ஸ்டேஷன். அங்கே இருந்த ஏட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “நாத்தனார் அன்பாப் பேசினான்னு புகாரா? கொடுத்து வச்சவம்மா நீ!”

உள்ளேயிருந்து இன்ஸ்பெக்டரம்மா எழுந்து வந்தார். “சிரிக்காதீங்க. எனக்கும் ஒரு நாத்தனார் இருக்கா. அவ என் சமையலைப் பாராட்டினா நானும் பயந்துதான் போவேன்.”

[இந்த இன்ஸ்பெக்டர்மேல் எனக்கே சந்தேகம். கதைக்குத் தோதாக வந்து நிற்கிறார். எல்லா ஸ்டேஷனிலும் இப்படி ஒருத்தர் கிடைப்பதில்லை என்று எனக்கும் தெரியும். பேனாவால் அடித்துப் பார்த்தேன். அவரை அடித்தால் நாத்தனார் திரும்பி வரமாட்டேன் என்கிறாள். இருந்துவிட்டுப் போகட்டும்.]

மறுநாள் சென்ட்டு வந்தான், மாட்டினான், இடத்தைக் கக்கினான். வெளிநாடாவது ஒண்ணாவது! கடலோரத்தில் ஒரு கொட்டகை, வெளியே பூட்டு. உள்ளே ஐஸில் விரல் வீங்கிய பெண்கள்.

5

முடிவு ஒன்று: இருவரும் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதா…

[இதைப் படித்துக் காட்டினேன். “சினிமாவா எடுக்கறீங்க?” என்றாள் அண்ணி.]

முடிவு இரண்டு: அந்தப் பூட்டு கடைசிவரை…

மாட்டேன். எத்தனையோ வீடுகளில் அதுதான் நடந்திருக்கிறது. இந்த வீட்டில் நடக்கவில்லை. அப்பாடா என்று இருக்கிறது எனக்கு, சொல்வதற்கென்ன வெட்கம்?

நாத்தனாரிடம் கேட்டேன்: அன்று போனில் அவர்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான் பேசினீங்களா?

“பக்கத்துல காவலுக்கு நின்னவன் நல்லவிதமாப் பேசுன்னு மிரட்டினான். நான் ரொம்ப நல்லவிதமாப் பேசினேன். அண்ணிக்குப் புரியாதா என்ன?”

திரும்பி வந்து வாசலில் நின்றதும் அவள் முதலில் என்ன சொன்னாள் என்பதை மட்டும் இரண்டு பேருமே சொல்ல மறுக்கிறார்கள். எனக்கும் அதை இட்டுக்கட்ட மனசில்லை. உங்கள் வீட்டில் உங்களை அதிகமாகத் திட்டும் ஆள் யாரோ, அவர் குரலில் நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

“………………………………”

“சரிதான், வாடி உள்ளே,” என்றாள் அண்ணி.