பின்சக்கரத்திற்கு இருபத்தொன்பது

அவ்வூரில் ஒரு வண்டியில் எத்தனை பேர் இருக்கின்றனர் என்பதை டயரின் காற்றே தீர்மானித்தது. அது நெடுநாளைய வழக்கம். எவரும் குறை கூறியதில்லை.

தேவசகாயத்திற்குத் திருமணமாகிப் பத்து நாள்கள் ஆகியிருந்தன. மனைவி ஜெபக்கனியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு மாமியார் வீட்டு விருந்திற்குப் புறப்பட்டவன், வழியில் காற்றுக் கடையில் பைக்கை நிறுத்தினான். இருவரும் இறங்கவில்லை.

"சிங்கிளா, டபுள்ஸா?" என்று கடைக்காரர் இசக்கி கேட்டார்.

"சிங்கிள்தான் அண்ணாச்சி."

பதினோராண்டுப் பழக்கம் அவனை முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டது.

இசக்கி பின்சக்கரத்தில் அளவுமானியைப் பொருத்தினார். காற்று சீறி வெளியேறியது. முள் இருவருக்கான முப்பத்திரண்டிலிருந்து ஒருவருக்கான இருபத்தொன்பதிற்கு இறங்கியது. அவனுடைய தோளின் மீதிருந்த கையின் கனமும் உடன் இறங்கியது.

"என்னங்க, என் காலு கம்பியில நிக்க மாட்டேங்கு."

அவன் திரும்பினான். அவளுடைய சேலையின் ஊடே எதிர்க்கடையின் பெயர்ப்பலகையைப் பிழையின்றி வாசிக்க முடிந்தது.

"அண்ணாச்சி, டபுள்ஸ்! டபுள்ஸ்!"

"ஒரு வண்டிக்கு ஒரு நாளைக்கு ஒரு அளவுதாம். நாளைக்கு வாரும்."

"நாளைக்கு இவ இருப்பாளா?"

"காத்துக் கடையில கேக்குற கேள்வியா வே இது?"

"பொண்டாட்டிய பின்னால வச்சிக்கிட்டு சிங்கிளாம்லா," என்றாள் ஜெபக்கனி. அவளுடைய குரல் மெலிந்திருந்தது. "எங்கம்மா அங்க ரெண்டு கோழி அடிச்சு வச்சிருக்கா."

அவளுடைய விரல்கள் ஒவ்வொன்றாக அவன் தோளை விட்டு எழும்பின. அவன் அவற்றைப் பிடித்தான். சட்டைத்துணியே கைக்கு அகப்பட்டது.

"சிங்கிள்னா யாரு அண்ணாச்சி?"

இசக்கி முள்ளைக் கூர்ந்து நோக்கினார். "ஒரு ஆளு. எந்த ஆளுன்னு இதுல எழுதல."

தேவசகாயம் சாவியிலிருந்து கையை எடுத்தான்.

"முன்னால வா."

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியும்னு யாரு சொன்னா?"

"தெரியாதா?"

"தெரியும். நீங்க கேக்கல."

அவள் முன்னால் நகர்ந்தாள். அவன் இறங்கினான். வண்டி சிறிதும் அசையவில்லை. அவளுடைய செருப்பு பிரேக்கின் மீது அழுத்தமாகப் பதிந்தது. பெயர்ப்பலகை மறைந்தது.

"மாப்பிள்ள எங்கன்னு அம்மா கேப்பா," என்றாள். குரல் முழுமையாக இருந்தது. கண்கள் அவனைத் தேடின.

"பின்னால வாராருன்னு சொல்லு."

அவள் அவன் நின்ற திசைக்குச் சற்று இடப்புறமாகத் தலையசைத்தாள். பின்னர் கியரைப் போட்டுப் புறப்பட்டாள்.

இசக்கி பஞ்சர் பார்க்கும் தொட்டியின் அழுக்குநீரை வாளியில் அள்ளி, அவன் நின்ற இடத்தில் வீசினார். தரை முழுவதும் சீராக நனைந்தது.