பின்கதவுப் பீப்பாய்

மூரிங்ஸ் பப்பின் மேல் யாரோ புகார் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்த யாரோ உள்ளே உட்கார்ந்து குடிக்கிற ஆள்தான் என்று வரதராஜன் முடிவு கட்டிவிட்டார். முடிவு கட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. வீட்டில் தயிர் புளித்தால்கூட யார் மூடியைத் திறந்துபோட்டது என்று விசாரணை வைக்கிற மனிதர்.

ஒனேஹுங்கா என்கிற துறைமுகப் பேட்டையில் கூலிகள் குடித்துக் கிடந்த பழைய இடம் அது. சுற்றியிருந்த கிடங்குகளை எல்லாம் இடித்து, கண்ணாடி பால்கனி வைத்த அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. அதே தெருவில் இருந்த இன்னொரு பப் இப்போது யோகா கூடம். அதற்கடுத்தது காபி நுரையில் பூ வரைந்து கொடுக்கிற கடை. மிஞ்சியது மூரிங்ஸ் ஒன்றுதான். மங்கரேயில் விமானச் சரக்குக் கொட்டகையில் ஷிப்டு முடிந்ததும் வரதராஜன் பாலத்தைத் தாண்டி நேரே இங்கேதான் வருவார். வேலையிடத்தில் அவர் ஒரு பேட்ஜ் நம்பர். கோயிலில் அம்புஜத்தின் வீட்டுக்காரர். இங்கே நுழைந்தால்தான் "ராஜ் வந்துட்டான்" என்று நாலு பேர் திரும்பிப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். இது போய்விட்டால் இந்த ஊரில் அவருக்கென்று இன்னொரு நாற்காலி கிடையாது. அந்தப் பயம்தான் அவரை ஆட்டிவைத்தது.

எதிர் நாற்காலி ராம் பிரசாத்துடையது. ஃபிஜியில் பிறந்தவர், டைல்ஸ் பதிக்கிற வேலை. பூட்டன் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய குடும்பம். தமிழில் மிச்சமிருந்தது 'அண்ணே', 'சாப்பாடு', 'போதும்' மாதிரி நாலைந்து சொற்கள். மற்றதெல்லாம் இங்கிலீஷில்தான். பப்பில் வெள்ளிக்கிழமைதோறும் நடக்கிற பரிசுக் குலுக்கலில் வரதராஜனுக்கு இறைச்சித் தட்டு விழுந்தால், சைவச் சாப்பாட்டுக்காரரான அவர் அதைத் தொடாமல் எதிரே தள்ளுவார். ராம் பிரசாத் கோழியை மட்டும் எடுத்துக்கொண்டு, மாட்டிறைச்சியை அடுத்த மேசைக்குத் தள்ளுவார். பதினைந்து வருஷச் சிநேகிதம் இப்படித் தள்ளித் தள்ளியே வளர்ந்தது.

ஆகஸ்டில் ஒரு நாள் பப்பை நடத்துகிற டெப் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னாள். "லைசென்ஸைப் புதுப்பிக்கணும். சத்தம் சத்தம்னு நகரக் கவுன்சிலுக்கு வரிசையா புகார் போயிருக்கு. இன்னும் ஒரு தடவை ஆபீசர் வந்து அளக்கும்போது சத்தம் பிடிபட்டுச்சுன்னா லைசென்ஸ் கிடைக்காது. கட்டடத்துக்காரர் எப்ப விக்கலாம்னுதான் காத்துட்டிருக்கார்." கொஞ்சம் நிறுத்தி, "பின்கதவை பீர்ப் பீப்பாய் வெச்சு முட்டுக்கொடுத்துத் திறந்துவெச்சிருக்கோம்னு கூடச் சொல்லியிருக்காங்க. பீப்பாய் கதவுக்கு உள்பக்கம் இருக்கு. வெளியிலிருந்து பார்த்தா தெரியாது" என்றாள்.

வரதராஜன் மெல்ல எதிர் நாற்காலியைப் பார்த்தார்.

அன்றிலிருந்து கண்கொத்திப் பாம்பாக நோட்டம்தான். ராம் பிரசாத் முன்புபோல வாயாடுவதில்லை. பின்கதவுப் பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அடிக்கடி எதையோ அண்ணாந்து பார்க்கிறார். திடீரென்று எழுந்து போய் பீப்பாயைக் காலால் தள்ளிக் கதவைச் சாத்துகிறார். கொஞ்ச நேரத்தில் சத்தத்தை அளக்கிற கவுன்சில் ஆள் வந்து நிற்கிறான். ஒருமுறை நடந்தால் தற்செயல். ஒவ்வொரு முறையும் அப்படியே நடந்தால்? வருகிறவன் வருவது இந்த மனுஷனுக்கு எப்படி முன்கூட்டியே தெரிகிறது? போதாக்குறைக்கு, பின்சந்துக்கு அந்தப்புறம் முளைத்த புதுக் கட்டடத்தில் குளியலறை டைல்ஸ் முழுக்க இவர் கைவேலை. அந்தக் கட்டடக்காரன் சோற்றைத் தின்கிறான், அவனுக்குக் கூவுகிறான் என்று வரதராஜன் கணக்குப் போட்டார்.

அதே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் தன் மகள் அஸ்வினி ஃபிளாட் வாங்கியிருப்பதை அவர் பப்பில் மூச்சுவிட்டதில்லை. கேட்டால் சிரிப்பார்கள். அது வேறு விஷயம், இது வேறு விஷயம் என்று தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

புரட்டாசி பிறப்பதற்கு முந்தின வெள்ளி. இனி ஒரு மாதம் பெருமாளுக்கு விரதம், பப் பக்கமே வரமாட்டார். போவதற்குள் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட வேண்டும் என்று கையிலிருந்த கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார்.

"ஆபீசர் வர்றது உனக்கு எப்படித் தெரியும்?" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

ராம் பிரசாத் தன் கிளாஸை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"போன் பண்றவனுக்குத்தானே தெரியும், எப்ப வருவாங்கன்னு. பண்றதையும் பண்ணிட்டு, கதவைச் சாத்தி நல்லவன் வேஷம் வேற. அந்தப் புதுக் கட்டடக்காரன் உனக்கு என்ன குடுத்தான்?"

டெப் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ராம் பிரசாத்தின் முகம் சிவந்தது. வாயைத் திறந்தார், என்னவோ சொல்ல வந்தார், அப்புறம் விழுங்கிவிட்டார்.

"அண்ணே, போதும்" என்றார் தமிழில்.

இல்லை என்று மறுக்கவில்லை பார், குற்றமுள்ள நெஞ்சு என்று வரதராஜன் தலை நிமிர்ந்து வெளியே வந்தார். அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்கூட.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை பெருமாள் தளிகை மகள் வீட்டில் என்று அம்புஜம் ஏற்பாடு செய்திருந்தாள். அஸ்வினி ஆஸ்பத்திரியில் நர்ஸ். பகல் ஷிப்டு முடிந்து அவள் வந்த பிறகு சாயங்காலமாகத்தான் மாவிளக்கை ஏற்ற முடிந்தது. நெற்றியில் நாமம், இடுப்பில் வேட்டி, கையில் மணியோடு வரதராஜன் நின்றார். உள்ளறையில் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். நெய்த்திரி புகையத் தொடங்கியதும் அம்புஜம் பதறினாள்.

"புகை அலாரம் அடிச்சுடும்டி. போன தடவை கட்டடமே கீழ இறங்கி நின்னுச்சு. அந்தக் கதவைத் திற."

அஸ்வினி பால்கனிக் கதவைத் தள்ளினாள். புகை வெளியே போனது. கரோக்கியும் கைத்தட்டலும் டிரம்மும் உள்ளே வந்தன. பேரன் வீறிட்டான்.

"ஓ, நாட் அகெய்ன்" என்றவள் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். வரதராஜன் மணியோடு பின்னால் போனார். இந்த வீட்டுக்கு எத்தனையோ முறை வந்தவர்தான், ஆனால் குளிருக்குப் பயந்து இந்தக் கதவைத் திறந்து பார்த்ததே இல்லை. கீழே சந்து. சந்துக்கு அந்தப்புறம் மூரிங்ஸின் பின்கதவு.

"யெஸ், சேம் பிளேஸ்" என்று கவுன்சில் ஆளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். "பின்கதவைத் திறந்து வெச்சிருக்காங்க, எப்பவும்போல பீப்பாய் வெச்சு."

"கட் பண்ணும்மா." வரதராஜன் மணியைக் கீழே வைத்தார். "பீப்பாய் இருக்கிறது உனக்கு யார் சொன்னது?"

அவள் போனை வைத்துவிட்டுத்தான் திரும்பினாள். "நீங்கதாம்ப்பா. அந்தக் கதவு நிக்காது, பீப்பாய் வெச்சுத்தான் நிறுத்துவோம்னு சிரிச்சுச் சிரிச்சு சொன்னீங்களே. எனக்கு வேற வழி என்ன? குழந்தை தூங்கணும், விடிஞ்சா நான் வேலைக்குப் போகணும்."

கீழே பின்கதவில் ஓர் ஆள் நின்று நேராக இந்தப் பால்கனியையே பார்த்துக்கொண்டிருந்தார். ராம் பிரசாத். இவள் போனோடு பால்கனிக்கு வருவதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு முறையும் கதவைச் சாத்தியிருக்கிறார். அத்தனை பேர் முன்னால் அசிங்கப்படுத்தியும் அந்த மனுஷன் வந்து அதே இடத்தில் காவல் இருந்திருக்கிறார்.

"அந்த டைல்ஸ் அங்கிள்" என்றாள் அஸ்வினி. "பாத்ரூம் ஒழுகுதுன்னு ஒருநாள் வந்தார். ஹால்ல உங்க போட்டோவைப் பார்த்துட்டு, ராஜோட பொண்ணான்னு கேட்டார். அவர் உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு மேசை முழுவதும் இவர் பக்கம் திரும்பியிருக்கும். வரதராஜனுக்கு வேட்டியோடு இறங்கி ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போலவும் இருந்தது.

ராம் பிரசாத் பீப்பாயைக் காலால் தள்ளினார். அதற்குள் அவர் முதுகுக்குப் பின்னால் டெப்பும் இன்னும் இரண்டு பேரும் சிகரெட்டோடு சந்துக்கு வர ஆரம்பித்தார்கள். அவர் சட்டென்று மேலே பார்த்து, அவர்களுக்குத் தெரியாமல் இடுப்போரமாகக் கையை அசைத்தார். உள்ளே போ, பார்த்துவிடப்போகிறார்கள் என்று.

வரதராஜன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.