முனியாண்டியின் கூலி

ஹல்துமுல்லைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்துக்குப் புதிதாக வந்த துரை, காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டில் ஒரு சட்டம் போட்டார். தோட்டத்தில் சம்பளம் வாங்குகிற எவனும் வேறு வேலை பார்த்துக் கூலி வாங்கக் கூடாது. வாங்கினால் வேலையும் போகும், குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். மருந்து கொடுக்கிறவன் தோட்டத்துக் கொயினா மாத்திரையைப் பெரகலக் கடைகளில் விற்றுத் தனிக் காசு பார்த்துப் பிடிபட்டதால் வந்த வினை அது. இடி விழுந்தது என்னவோ, தேயிலை ஸ்டோர் வாசலில் காவல் இருந்த வீரசிங்கத்தின் தலையில்.

வீரசிங்கத்துக்கு வெள்ளிக்கிழமை தோறும் முனியாண்டி சாமி வரும். லயத்துக்குக் கீழே சவுக்கு மரத்தடியில் உடுக்கு அடித்ததும் கால் நடுங்கும், உடம்பு முறுக்கும், அப்புறம் அவனுக்கு ஒன்றும் தெரியாது. வாய் மட்டும் குறி சொல்லும். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் சேவலும் சுருட்டுமாக ஆட்கள் வந்து நிற்பார்கள். தெளிந்து எழுந்த பிறகு, தான் என்ன சொன்னோம் என்பதை அடுத்தவரைக் கேட்டுத்தான் அவன் தெரிந்துகொள்வான்.

கணக்கப்பிள்ளை சண்முகராஜா அவனை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"ஏன்டா, குறி சொல்றதுக்குக் கோழி வாங்குறியாமே? அது கூலிதானே?"

"கோழி சாமிக்குங்க."

"குழம்பு வைக்கிறது யாரு?"

"என் பொண்டாட்டிங்க."

"திங்கிறது?"

வீரசிங்கம் யோசித்தான். "நான்தாங்க. ஆனா குறி சொல்றது நான் இல்லீங்களே. வேல செஞ்சது சாமி, தின்னது நானுன்னா அது கூலியாகுமுங்களா?"

கணக்கப்பிள்ளைக்குத் தலை சுற்றியது. இந்தக் கூத்தை இங்கிலீஷில் துரைக்கு எப்படிச் சொல்லித் தொலைப்பது? போதாக்குறைக்கு, மகள் கல்யாணத்துக்குக் குறி கேட்டுச் சேவல் கொடுத்தவர்தான் அவரும்.

"சனிக்கிழமப் பெரட்டுல, இனிமே குறி சொல்லமாட்டேன்னு துரைகிட்ட சொல்லிடு. இல்லாட்டி மூட்டையக் கட்டு" என்று பேச்சை முடித்துவிட்டார்.

சொல்வது சுலபம். தன்மேல் வந்த சாமியை வேண்டாமென்று மறித்த வீரசிங்கத்தின் அண்ணன், வாய் கோணி, கைகால் இழுத்துக் கிடந்து செத்தான். வேலையை விடலாமென்றால், நிறைமாதமாக இருக்கும் மனைவி ஜெயலெட்சுமியைக் கூட்டிக்கொண்டு எந்த மலையில் ஏறுவது? சாமியிடமே கேட்கலாமென்றால், அந்தச் சாமி வருவதே இவன்மேல்தான். கேட்கிறவனும் இவன், சொல்கிற வாயும் இவனுடையது. பதில் மட்டும் இவன் காதில் விழாது. நல்ல கூத்து!

கடைசியில் மனைவியிடம் சொன்னான். "நீ கேளு புள்ள. வேலைய விடவா, குறிய விடவான்னு கேளு. சாமி சொல்றத அப்படியே எங்கிட்ட சொல்லு."

வெள்ளிக்கிழமை சாமி வந்தது, போனது. தெளிந்ததும் வீரசிங்கம் முதலில் அவள் முகத்தைத்தான் பார்த்தான்.

"குறிய விட்டுடச் சொல்லிச்சு. உங்கள ஒன்னும் செய்யாதாம்" என்றாள் அவள். அவன் சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டான். மறுநாள் பெரட்டில் துரையிடம் சொன்னான். துரை தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனார். அவருக்கு அவ்வளவுதான் விஷயம்.

அடுத்த வெள்ளிக்கிழமை பொழுது சாய, உடுக்கு அடிக்கிற மாரிசாமி காம்பரா வாசலில் வந்து நின்றான்.

"முனி உன்ன விட்டுருச்சாமே! எப்பய்யா சொல்லிச்சு? போன வாரம் பக்கத்துலயே நின்னு அடிச்சேன். உன் பேச்சே வரலியே. சரி, வெளித் தோட்டத்து ஆளுங்க வந்து காத்துக்கிடக்குறாங்க. யார்மேலயாவது வருதான்னு அடிச்சுப் பாக்குறேன்."

அவன் போனதும் வீரசிங்கம் மனைவி பக்கம் திரும்பினான். "நெசத்தச் சொல்லு. அன்னைக்கிச் சாமி என்னதான் சொல்லிச்சு?"

ஜெயலெட்சுமி உடைந்துபோனாள். "எனக்குத் தெரியாதுங்க. நான் கேக்கவே இல்ல. வேலைய விடுன்னு சொல்லிட்டா எங்க போறதுன்னு பயந்து, ஓரமா நின்னுட்டு வந்துட்டேன்."

அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் இடத்தில் இருந்தால் அவனும் கேட்டிருக்க மாட்டான்.

கீழே உடுக்குச் சத்தம் எழுந்தது. வீரசிங்கத்தின் முழங்கால் நடுங்கியது. சாமி எப்போதும்போல வருகிறதா, தண்டிக்கத்தான் வருகிறதா, வெறும் பயமா, அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜெயலெட்சுமி வயிற்றைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து அவன் இரண்டு கால்களையும் கட்டிக்கொண்டாள்.

"வேணாங்க, வேணாம்" என்றாள். அவனிடம் சொன்னாளா, வரப்போகிற முனியிடம் சொன்னாளா, அது அவளுக்கே தெரியாது.