அண்ணி சொன்னால்தான் பட்டன்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று என் அண்ணன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். சொல்லட்டும். அவன் பொண்டாட்டிக்கு, அதாவது என் அண்ணிக்கு, அதே இடத்தில் எங்கள் எல்லோருடைய சோறும் இருந்தது.

எங்களுடையது பழைய மரப்படகுகளைப் பழுது பார்க்கும் பட்டறை. தண்ணீரை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, அதிலிருந்து நீளும் ஒரு பலகைத் துறை, அவ்வளவுதான். மரவேலையும் வார்னிஷும் அண்ணன். ஒயர், பேட்டரி, ஸ்பார்க் பிளக், டைமிங் எல்லாம் நான். என்ஜின் அண்ணி. படகின் வயிற்றுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் பெட்ரோல் என்ஜின்கள் அவை. பாதிக்கு மேல் எங்களைவிட வயதில் மூத்தவை, அந்த வயதுக்கேற்ற வீம்பும் உண்டு. காலையில் ஒரு பேச்சு, சூடேறினால் ஒரு பேச்சு.

அவற்றைக் கிளப்புவதற்கு எங்கள் பட்டறையில் ஒரு சட்டம். பெட்ரோல் கசிந்தால் அதன் ஆவி மேலே போகாது. கனமானது, படகின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஸ்டார்ட்டரில் ஒரு பொறி போதும், படகும் மிஞ்சாது, அதில் இருக்கிறவர்களும் மிஞ்சமாட்டார்கள். அதனால் அண்ணி என்ஜின் மூடியைத் திறந்து, இடுப்புவரை உள்ளே குனிந்து முகர்ந்து பார்ப்பாள். நிமிர்ந்து "போடு" என்பாள். அதற்குப் பிறகுதான் நான் முன்னால் போய்ப் பட்டனை அழுத்துவேன். ஆவியை வெளியே தள்ள மின்விசிறி வைத்த படகுகளும் உண்டு. விசிறியை நம்பி மேலே போனவர்களும் உண்டு.

அவள் மூக்கு லேசுப்பட்டதில்லை. புகையை முகர்ந்தே பெட்ரோல் அதிகமாகப் போகிறதா குறைவாகப் போகிறதா என்று சொல்லி, கார்புரேட்டர் திருகை மயிரிழை திருப்புவாள். அதுவரை இருமிக்கொண்டிருந்த என்ஜின் ஒழுங்காக மூச்சுவிட ஆரம்பிக்கும். நான் பக்கத்தில் போய் நின்றால், "மத்தியானம் வெங்காயம் தின்னியா? தள்ளி நில்லுடி, என்ஜின் வாடையே தெரியல" என்பாள். நான் மட்டும் சும்மா விடுவேனா. "இந்த மூக்க வச்சுக்கிட்டு எங்கண்ணனை எப்படி அண்ணி கட்டிக்கிட்டீங்க?" என்பேன். அண்ணன் சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டே போவான்.

ஒரு காய்ச்சலில் படுத்து எழுந்தபிறகு இதெல்லாம் நின்றுபோனது. கேலி இல்லை, சண்டை இல்லை. நான் கிட்டே போனால் அவள் எட்டிப் போனாள். தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். என்ஜினை முகர்ந்துவிட்டு நிமிரும்போது மட்டும், பக்கத்தில் நிற்கும் என் மூஞ்சியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் "போடு" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். என்ன அளவெடுக்கிறாள்? நான் என்ன குற்றம் செய்துவிட்டேன்? அண்ணனைக் கேட்டால், "உங்க ரெண்டு பேரு சண்டைக்குள்ள என்னை இழுக்காதே" என்றான். சண்டை என்று ஒன்று இருந்தால்தானே இழுக்க?

கடைசியில் பால் விஷயத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. அன்று தேநீர் போட்டது நான். வாய்க்குக் கிட்டே கொண்டுபோனதுமே வாடையிலேயே பால் கெட்டுவிட்டது என்று தெரிந்தது. என்னுடையதை வெளியே கொட்டிவிட்டுத் திரும்பினால், அண்ணி அவள் கோப்பையைக் காலி செய்துவிட்டிருந்தாள்.

"எப்படி அண்ணி இருக்கு?"

"நல்லாத்தானே இருக்கு."

குத்திக் காட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். இனி இவள் முகத்தில் விழிப்பதில்லை என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் பல் டாக்டரின் படகை இறக்கினோம். மாதக்கணக்கில் வேலை வாங்கிய படகு. டாக்டர் மகளைக் கையில் பிடித்தபடி துறையில் நின்றார். கடைவாய்ப்பல்லைப் பிடுங்கும்போது நடுங்காத மனுஷன், படகைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தார். அண்ணி பம்ப்பின் கைப்பிடியை அடித்துக் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் ஏற்றினாள். நான் வழக்கம்போல அவள் பக்கத்தில் நிற்கவில்லை. நேரே முன்னால் போய், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டேன்.

"கொஞ்சம் இங்க வாயேன்" என்றாள் அண்ணி.

"எனக்கு இங்கயே நல்லாத்தான் இருக்கு."

டாக்டர் தொண்டையைச் செருமினார். அதன்பிறகு அண்ணி, "போடு" என்றாள்.

கட்டைவிரலைப் பட்டன்மேல் வைத்துவிட்டேன். அப்போது பின்னாலிருந்து லேசாக ஒரு காற்று வந்தது. காற்றோடு பெட்ரோல் வாடை வந்தது.

விரலை எடுத்துவிட்டேன் என்பது பிறகுதான் எனக்கே தெரிந்தது. டாக்டரைப் பார்த்து, "பாப்பாவத் தூக்கிட்டு ரோட்டுக்குப் போங்க, ஓடுங்க" என்றேன். அவர் மகளை வாரிக்கொண்டு ஓடினார். என்ஜின் மூடிக்குள் எட்டிப் பார்த்தேன். கார்புரேட்டரில் பெட்ரோலை அளவோடு நிறுத்தும் மிதவை சிக்கி, என்ஜினின் அந்தப் பக்கம், கண்ணுக்கு எட்டாத இடத்தில், பெட்ரோல் வழிந்து படகின் அடியில் குளம் கட்டி நின்றது.

துணி போட்டு ஒற்றி எடுத்து, மூடியைத் திறந்தே போட்டுவிட்டு, பேட்டரியைத் தொடாமல், கொட்டகைக்குள் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்ததும் வாயில் 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

"கொல்லப் பாத்தியா? மோந்துதானே பாத்தே?"

"பாத்தேன். ஒண்ணும் வரல." அண்ணி ஸ்பேனர்களை அடுக்கினாள், கலைத்தாள், திரும்ப அடுக்கினாள். "காய்ச்சலுக்கு அப்புறம் எதுவுமே வரல. திரும்ப வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. உங்கண்ணனுக்குக்கூடத் தெரியாது."

"அப்ப இத்தனை நாளா எப்படி 'போடு'ன்னு சொன்னே?"

"உன் மூஞ்சியப் பாத்துதான். உனக்கு எதையும் மறைக்கத் தெரியாது. துளி வாடை வந்தாலும் மூக்கு சுருங்கிரும். சுருங்கலன்னா சொல்லிருவேன்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு நீ திரும்பல. டாக்டர் பாத்துக்கிட்டே நிக்கிறாரு. ஸ்பேனர் பிடிக்கிறவங்க ஆயிரம் பேர் இருக்காங்க, என்கிட்ட வர்றது இந்த மூக்குக்காகத்தானே. அது போச்சுன்னு தெரிஞ்சா எவன் என்ஜினைக் குடுப்பான்? ஒருதரம் சொன்னா என்ன ஆயிரும்னு நினைச்சிட்டேன்."

அவளை அறையவும் தோன்றியது, கட்டிப்பிடித்துக்கொள்ளவும் தோன்றியது. கோபம் போகவில்லை, ஆனால் அழுகை வந்துவிட்டது. பாவி, என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? நான்தான் கேட்டிருக்கக் கூடாதா? ஒரு வாய்த் தேநீருக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேனே.

"என்மேல என்ன வாடை வருதுன்னுகூட எனக்குத் தெரியலடி" என்றாள் அண்ணி. "அதான் யாருகிட்டயும் வராம எட்டி எட்டிப் போனேன். பொழுதுக்கும் குளிக்கிறேன்."

தோளைப் பிடித்து இழுத்து அவள் கழுத்தில் மூக்கை வைத்துப் பார்த்தேன். "சோப்பு நாத்தம் குடலைப் புடுங்குது. ஒரு நாளாவது குளிக்காம வந்து தொலைங்க." அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் தோளில் முகத்தை வைத்து நெடுநேரம் அழுதாள். அண்ணன் வாசல்வரை வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனான்.

மறுநாள் டாக்டர் வந்தபோது மிதவை சரியாகியிருந்தது. நான் ஏதாவது பூசி மெழுகலாம் என்று வாயைத் திறந்தேன். அண்ணி என்னைக் கையமர்த்திவிட்டு அவரிடம் நேராகச் சொல்லிவிட்டாள்.

"எனக்கு வாசனை தெரியாது டாக்டர். நேத்து தெரியாமலேதான் போடச் சொன்னேன். வேற எடத்துக்குக் கொண்டுபோறதுன்னா சொல்லுங்க, நாங்களே ஏத்தி அனுப்புறோம்."

டாக்டர் மகளைப் பார்த்தார், படகைப் பார்த்தார். "இங்கயே விட்டா யாரு மோந்து பாப்பாங்க?"

"இவ. நேத்து நாம எல்லாரும் தப்பிச்சது இவளாலதான்."

அவர் மகளை அழைத்துக்கொண்டு ரோட்டோரம் வரை போய், அங்கிருந்து தலையசைத்தார்.

அண்ணி முன்னால் போய் என் இடத்தில் உட்கார்ந்தாள். நான் மூடியைத் திறந்து முதன்முறையாக உள்ளே குனிந்தேன். ஈர மரம், பழைய எண்ணெய், துரு. இந்த மூலை, அந்த மூலை, என்ஜினின் அந்தப் பக்கம். வேறெதுவும் இல்லை. திரும்பவும் குனிந்தேன். நிமிர்ந்தால் 'போடு' என்று சொல்ல வாய் வரவில்லை. இந்த ஒரு சொல்லுக்கு முன்னால் இத்தனை வருஷமும் எனக்கும் சேர்த்து இவள் ஒருத்தியே பயந்திருக்கிறாள். நான் ஒருநாளும் யோசிக்காமல் அழுத்திவிட்டு இருந்திருக்கிறேன்.

"போடுங்க அண்ணி" என்றேன்.

கடைசி எழுத்து என் வாயைவிட்டு வெளியே வருவதற்குள், என் முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அண்ணி பட்டனை அழுத்திவிட்டாள்.