மூன்று முறை வெள்ளையடித்த சுவர்

...மூன்று என்று ஏன் சொன்னோம், இரண்டு என்று சொல்லியிருக்கலாம், தெரியவில்லை என்றுகூடச் சொல்லியிருக்கலாம், முப்பத்தொரு வருஷம் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாய் அந்த ஒரு வார்த்தையை மட்டும் அன்றைக்கும் சொல்ல மறுத்துவிட்டது. மூன்று விரல் என்று எத்தனை மிடுக்காகச் சொன்னோம்! சொல்லிவிட்டு, போதுமா, இன்னும் சோதிக்கணுமா என்று மீசையை வேறு தடவிக்கொண்டோம்... ஞானசீலன் வாத்தியாருக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் தலை அசையும் என்பது உடனே நினைவுக்கு வர, அதை மூக்கோடு நிறுத்திக்கொண்டார். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பைகள். வலது கண்ணில் புரை எடுத்து இன்றோடு எட்டு நாள், இரண்டு கண்ணையும் சேர்த்துச் சுற்றிக் கட்டி மல்லாக்கப் போட்டிருக்கிறார்கள், புரளக் கூடாது, இருமக் கூடாது, தும்மல் வந்தால் நாக்கை மேல் அண்ணத்தில் அழுத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள் நர்ஸ். காலையில் கட்டைப் பிரிப்பார்கள் என்று நேற்றே சொல்லிவிட்டார்கள். காலை வந்துவிட்டது, அது தெரிகிறது, ஜன்னல் பக்கத்துக் கன்னத்தில் வெயில் படுகிறது, எங்கோ வாளி உருள்கிறது, காலடியில் அற்புதம் உட்கார்ந்து எதையோ மடித்து மடித்து வைக்கிற சத்தம். பெரிய டாக்டர்தான் இன்னும் வரவில்லை. பிரித்த பிறகும் இருட்டாகவே இருந்தால்? அந்த நினைப்பு வரும்போதெல்லாம் அதைக் கையால் தள்ளுவதுபோல வேறு நினைப்புக்குப் போய்விடுகிறார், போனால் அங்கே அந்தச் சுவர்தான் நிற்கிறது.

ராஜாவின் வெள்ளிவிழா வருஷத்தில் கட்டிய வீடு, திண்டுக்கல் ரோட்டோரம், ஊருக்கு வெளியே காற்றாட. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வெள்ளையடித்துவிட வேண்டும் என்று பரவையிலிருந்து மொக்கையனை வரச்சொன்னார். நல்ல வேலைக்காரன் என்று நாலு பேர் சொல்லித்தான் கூப்பிட்டது. கிளிஞ்சல் சுண்ணாம்பை இரண்டு நாள் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, துளி நீலம் கலந்து, சுவரை முதலில் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, பிறகுதான் வெள்ளையடிக்கிற மட்டையைத் தொட்டான். இதெல்லாம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்ததுதானே... பார்த்தோமா? பார்த்ததாகத்தான் நினைத்திருந்தோம். காய்ந்த பிறகு கூடத்துச் சுவர் முன்னால் போய் நின்றால் அழுக்கு மஞ்சள், பழைய தந்தம்போல ஒரு நிறம். "ஏய்யா, என்ன சுண்ணாம்பு போட்ட? மஞ்சக்காமாலை கண்டாப்புல கிடக்கே சுவரு!" மொக்கையன் சுவரைப் பார்த்தானாம், அவரைப் பார்த்தானாம், ஒன்றும் சொல்லாமல் திரும்பவும் சுண்ணாம்பு கரைத்தானாம், இது அற்புதம் பின்னால் சொன்னது. இரண்டாவது தடவையும் அதே மஞ்சள். பழைய சுண்ணாம்பை ஏமாற்றிக் கலக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார். அற்புதம் குறுக்கே வந்து, "ஏங்க, பாலு மாதிரி இருக்குங்க," என்றாள். "நீ அவனுக்குப் பரிஞ்சு பேசாத," என்று அவள் வாயை அடைத்தார். பாலு மாதிரி என்றாளே, அந்தப் பாலையும்தான் இரண்டு வருஷமாக மஞ்சளாகக் குடித்துக்கொண்டிருந்தோம், பால்காரியை மாற்றினோம், வந்தவளையும் மாற்றினோம்... மூன்றாவது தடவையும் அடித்தான் மொக்கையன். நீலத்தை இன்னொரு சிட்டிகை கூட்டினான். ஏணியிலிருந்து இறங்கி, மட்டையைக் கழுவி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவர் சுவருக்கு நேரே மூக்கு இடிக்கப் போய் நின்று, இடது பக்கம் சாய்ந்து பார்த்து, வலது பக்கம் சாய்ந்து பார்த்து, திரும்பும்போது சுண்ணாம்பு வாளியில் காலை விட்டார்.

அந்த வாளி விழுந்த சத்தம் இப்போதுகூடக் காதில் இருக்கிறது, தரையெல்லாம் வெள்ளம், அவர் கணுக்கால்வரை சுண்ணாம்பு. மொக்கையன் ஓடிவந்து சொம்புத் தண்ணீரை அவர் காலில் ஊற்றிக் கழுவினான், சுண்ணாம்பில் தோல் வெந்துபோகும் என்று. கழுவிக்கொண்டே கேட்டான். "வாத்தியாரய்யா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிரக் கூடாது."

"என்ன?"

அவன் எழுந்து பின்பக்கமாகவே நடந்து வாசல்படிகிட்டே போய் நின்றான். ஏழெட்டு அடி தூரம் இருக்கும். வெளிச்சத்துக்கு முன்னால் கறுப்பாக ஒரு உருவம். "இப்ப நான் எத்தனை விரலக் காட்டுறேன்னு சொல்லுங்க பாப்போம்."

யாரைப் பார்த்துக் கேட்கிறான்! ரத்தம் தலைக்கேறியது. எத்தனை பிள்ளைகளை இப்படி நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறோம், நம்மையே ஒரு சுண்ணாம்படிக்கிறவன் நிற்கவைத்துக் கேட்கிறானே... "மூணு!" என்றார். அற்புதம் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. அப்புறம் மொக்கையன் சொன்னான், இரக்கத்தோடுதான் சொன்னான், இப்போது நினைத்தால் அது தெரிகிறது, "நான் கையே தூக்கலையேங்கய்யா."

வெளியே போடா என்று கத்தியதும், தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்ததும், அவன் ஏணியையும் மட்டையையும் எடுத்துக்கொண்டு போகும்போது வாசலில் நின்று திரும்பிச் சொன்னதும்... போகட்டும் என்று அவன் பாட்டுக்குப் போயிருக்கலாம், எத்தனை பேர் அப்படிப் போவார்கள், அவன் போகவில்லை. "எங்கய்யாவுக்கும் இப்படித்தாங்க. சோறு மஞ்சளா இருக்குன்னு எங்காத்தாள ரெண்டு வருசம் வஞ்சுக்கிட்டே இருந்தாக. கண்ணுல புரை. மிஷன் ஆசுபத்திரியில எடுத்துவிட்டாக. என் வேலையில குத்தமில்ல, உங்க கண்ணுலதான் குத்தம், போயிக் காட்டுங்க. காட்டாமப் போனா நஷ்டம் எனக்கில்ல." அதுவும் சத்தமாகத்தான் சொன்னான், தெருவே கேட்க. எவ்வளவு ஆத்திரம் வந்தது அன்றைக்கு! அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் நின்று, அந்த மொக்கையன் சுண்ணாம்பில் கள்ளம் பண்ணுகிறான், ஜாக்கிரதை என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி, மூன்று வீட்டுக்காரர்கள் அவனை வரவேண்டாம் என்று சொல்லும்வரை அந்த ஆத்திரம் அடங்கவில்லையே. கிறிஸ்துமஸ் வேலைக்காக அவன் ஊறவைத்திருந்த சுண்ணாம்பெல்லாம் பானையிலேயே கிடந்ததாம்... அவனுக்கு அது எப்படி இருந்திருக்கும், அதை ஒரு நாளாவது நினைத்தோமா?

பாட்டுப் புத்தகம்தான் கடைசியில் காட்டிக்கொடுத்தது. அதே தேவாலயத்தில், கிறிஸ்துமஸுக்கு அடுத்த வாரம், எல்லாரோடும் எழுந்து நின்று புத்தகத்தை விரித்துப் பிடித்து உரக்கப் பாடிக்கொண்டிருந்தார், ஒரு வரி பிசகாமல். அற்புதம் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள், அப்படி வருகிற வழக்கமே இல்லை, வந்து அவர் கையிலிருந்த புத்தகத்தை மெல்ல வாங்கி, தலைகீழாக இருந்ததைத் திருப்பிக் கையில் வைத்துவிட்டுப் போனாள். பாட்டு நின்றுபோயிற்று அவருக்கு. அப்படியானால் எத்தனை மாதமாக நாம் படிக்கவே இல்லை? மனப்பாடமாகத் தெரிந்ததையெல்லாம் படிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோமா? வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஒரு கண்ணைப் பொத்திப் பொத்திப் பார்த்தார், புளியமரங்கள் புகைக்குள் நின்றன, எதிரே வந்த வண்டியில் மாடு இரண்டா ஒன்றா என்று தெரியவில்லை. விளக்குச் சிம்னியைத் துடைக்கவில்லை என்று அற்புதத்தை எத்தனை சாயங்காலம் திட்டியிருக்கிறோம், சாம்பலும் துணியுமாக அவள் தேய்த்துத் தேய்த்து ஒரு சிம்னியே உடைந்தது, அதற்கும் திட்டினோம். ஊரே அழுக்காகிவிட்டது, மனிதர்கள் யாரும் முன்போல் இல்லை, எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று கசந்துபோய் இரண்டு வருஷம்... அன்றைக்கு வாசல்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அற்புதம், அந்த மொக்கையனுக்குச் சொல்லிவிடு," என்றார். "எதுக்குங்க?" என்றாள் பயந்துபோய். "எந்த ஆஸ்பத்திரின்னு கேக்கணும்," என்றார்.

அவன் ஆளிடம் பதில் சொல்லி அனுப்பவில்லை, வண்டியையே கட்டிக்கொண்டு வந்துவிட்டான். அதை நினைத்தால் கட்டுக்குள்ளேயே கண் நனைகிறது, நனையக் கூடாது, அதுவும் டாக்டர் சொன்னதுதான். மகன் ரங்கூனில், கூட வர ஒரு ஆள் கிடையாது, என்ன செய்வது என்று அற்புதம் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, வைக்கோலைப் பரத்தி அதன்மேல் ஜமக்காளத்தை விரித்துக்கொண்டிருந்தான் அவன். அவர் வண்டியில் ஏறும்போது, மன்னிப்பு என்ற வார்த்தையை எங்கே தொடங்குவது என்று தெரியாமல், "மொக்கையா, நான் அன்னைக்கு..." என்று இழுத்தார். அவன் அதை எடுத்துக்கொள்ளவில்லை. "அதெல்லாம் கிடக்கட்டுங்க. கண்ணு தெளிஞ்சதும் அந்தச் சுவத்த ஒருக்காப் பாக்கணும். பாத்துட்டு, எந்தக் கோயில் வாசல்ல நின்னு சொன்னீங்களோ அங்கனயே நின்னு ஒரு வார்த்த சொல்லணும். அம்புட்டுத்தான் எனக்கு." அவனுக்கும் கோபம் இருந்திருக்கிறது, இல்லாமல் இருக்குமா, அந்தக் கோபத்தோடுதான் வண்டியைப் பள்ளம் பார்த்து, மேடு பார்த்து, அவர் தலை குலுங்காமல் ஓட்டினான். கர்த்தாவே, கோபத்தோடும் ஒரு மனிதன் இத்தனை நல்லவனாக இருக்க முடியுமா? நாம் எந்தக் கோபத்தில் யாருக்கு என்ன நல்லது செய்தோம்?

செருப்புச் சத்தம் கேட்டது, பல செருப்புகள். அற்புதம் எழுந்தாள். நர்ஸின் கை பிடரிக்குக் கீழே போயிற்று, மெதுவாக உட்காரவைத்தார்கள், எட்டு நாளாகப் படுத்த உடம்பு தன்னுடையதாகவே இல்லை. "மெதுவாத் திறக்கணும், அவசரம் வேணாம்," என்றார் பெரிய டாக்டர். துணி ஒவ்வொரு சுற்றாகக் கழன்றது. பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்த இடத்தில் ஈரத்துணியால் தொட்டார்கள். பிறகு டாக்டர் தடிமனான ஒரு கண்ணாடியை வலது கண்ணுக்கு முன்னால் பிடித்தார்... முதலில் வலித்தது. வெளிச்சத்துக்கு அத்தனை கூர் உண்டா? பிறகு அது தணிந்து ஒரு கை ஆயிற்று, டாக்டரின் கை, மயிரோடு, மோதிரத்தோடு. பின்னால் சுவர். வெள்ளை. வெள்ளை என்றால் உள்ளே நீலம் ஓடுகிற வெள்ளை, காலை வானத்தைக் கரைத்து அடித்தாற்போல. பிள்ளை நாளில் பார்த்த வெள்ளை இதுதான், இதையா மறந்துபோயிருந்தோம்! அற்புதம் முன்னால் வந்து நின்றாள், ஐயோ, அவள் தலை இவ்வளவு நரைத்துவிட்டதா, எப்போது? "தெரியுதாங்க?" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டார், எல்லாருக்கும் முன்னால்.

கதவோரத்தில் மொக்கையன் நின்றான். நாற்பது வயதிருக்கும், முழங்கைவரை சுண்ணாம்புப் பொட்டுகள். அவர் நினைத்துவைத்திருந்ததைவிடக் குள்ளமான ஆள். "மொக்கையா, உன் வேலையில குத்தமே இல்லப்பா," என்றார்.

"அதெப்படிங்க, பாக்காமலே சொல்றீங்க? பாக்காமத்தான அன்னைக்கும் சொன்னீங்க. வீட்டுக்கு வந்து சுவத்தப் பாத்துட்டுச் சொல்லுங்க." டாக்டருக்குக்கூடச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார், இப்போது சிரிக்கலாம். இந்த மனிதன் அன்றைக்கு எதிர்த்துப் பேசாமல் போயிருந்தால்... சரிங்கய்யா என்று நான்காவது தடவையும் அடித்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போயிருந்தால், இந்த வெளிச்சம் ஏது நமக்கு? நன்றி, நன்றி என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது, அதைக் கேட்டுக்கொண்டே தலையைக் குனிந்தவர், மடியைப் பார்த்தார். வேட்டி. கண் கூசுகிற வெளுப்பு, கஞ்சி மொடமொடப்பு, கரை ஓரத்தில் ஒரு பொட்டு அழுக்குக் கிடையாது. "இது புதுசா?" என்றார். அற்புதம் தயங்கினாள். "இல்லைங்க, பெட்டி அடியில கிடந்தது. போன வருசம் நீங்க உடுத்தவே மாட்டேன்னு தள்ளி வச்சது... சோணைமுத்து கடைசியா வெளுத்துக் குடுத்தது."

சோணைமுத்து. பத்தொன்பது வருஷம் வீட்டுக்குத் துணி வெளுத்தவன். இதே வேட்டியைத் தெருவில் உதறிப் பிடித்து, இதுவா வெளுப்பு, இதை உன் மாட்டுக்குப் போர்த்து என்று சொன்னோமே... அவன் வாங்கிக்கொண்டு போய்த் திரும்ப வெளுத்துவந்தான், அதையும் விட்டெறிந்தோம், இன்னொரு தடவை வெளுத்துப் படியில் மடித்து வைத்துவிட்டுப் போனவன் அப்புறம் வரவே இல்லை. குற்றமுள்ளவன், அதனால்தான் வாயைத் திறக்கவில்லை என்று அன்றைக்கு நினைத்தோம். விரல் நுனியால் வேட்டியைத் தடவினார். நர்ஸ் புதுப் பஞ்சோடு வந்தாள், இன்னும் மூன்று நாள் கட்டு இருக்க வேண்டுமாம், டாக்டர் கண்ணாடியை எடுத்துவிட்டார், எல்லாம் மங்கிற்று, ஆனாலும் மடியில் அந்த வெள்ளை மட்டும் கிடந்தது.

"அற்புதம், சோணைமுத்து இப்ப எங்க இருக்கான்?"

"வாடிப்பட்டிப் பக்கம் போயிட்டதாச் சொன்னாக. எதுக்குங்க?"

துணி முதல் சுற்றுச் சுற்றி வந்தது. மொக்கையனுக்கு ஒரு வார்த்தை போதும், அதை எங்கே நின்று சொல்ல வேண்டும் என்றுகூட அவனே சொல்லிவிட்டான், சோணைமுத்து ஒன்றுமே கேட்கவில்லையே, அவனிடம் போய் எதைச் சொல்வது... இரண்டாவது சுற்று வந்தது. சோணைமுத்து அந்தப் படியில் நின்று ஏதாவது சொன்னானா, ஒரு வார்த்தையாவது சொல்ல வாயெடுத்தானா என்று ஞாபகப்படுத்திப் பார்த்தார், பத்தொன்பது வருஷம் கேட்ட குரல், எப்படி இருக்கும் அது...